உங்களுக்குத் தெரியுமா? மீனவர் துயரைப் பாட்டாக்கிய இரட்டையரின் பிரிவு

மீனவரின் வாழ்க்கையைக் கதையாகக் கொண்டு 1964 தீபாவளிக்கு வெளிவந்த 'படகோட்டி'யில், கடலை நம்பிப் பிழைப்போரின் வேதனையை வாலி எழுத, டி.எம்.சௌந்தரராஜன் உருகிப் பாட, இராமேசுவரம் கரையின் மக்களும் தம்முடையதாக உணரத்தக்க அந்தக் கீதத்திற்கு இசையமைத்த விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர், அடுத்த ஆண்டே பிரிந்துவிட்டனர்.

இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் விசுவநாதன் ஆர்மோனியமும் ராமமூர்த்தி வயலினும் வாசித்து வந்த காலத்தில், 1952-ல் அம்மேதை அகால மரணமடைய, அவர் முடிக்காது விட்ட படங்களின் இசையைப் பூர்த்திசெய்த இருவரும், அதே ஆண்டில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தின் வாயிலாக ஜோடியாக அறிமுகமாகி, சாஸ்திரீய ராகங்களின் சாரத்தோடு மேனாட்டு வாத்தியங்களின் துள்ளலையும் இசைவுறக் கலந்து, 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'காதலிக்க நேரமில்லை' எனத் தமிழர் நெஞ்சில் நீங்காத பாடல்களை வழங்கினர்; இடையே 1963-ல் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டமும் பெற்றனர்.

'படகோட்டி' வெளிவந்த மறுமாதம், டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி நகரும், பாம்பனிலிருந்து அங்கே சென்ற ரயிலும், அதிலிருந்த பிரயாணிகளும் கடலுக்குப் பலியாக, அப்படம் சித்திரித்த மீனவரின் அபாயம் எத்துணை மெய்யானது என்பதை நம் கரை கண்ணீரோடு கண்டது. 1965-ல், அதுவும் ஒரு கடற்கதையான 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இரட்டையரின் பதின்மூன்றாண்டுக் கூட்டுறவு முற்றுப்பெற்றது. அதன் பின்னர் தனித்தனியே இசையமைத்த இருவரும், முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்திற்காக மீண்டும் கைகோத்தனர்.