ரீடர்தான் முதல் டெஸ்டர்

வேலைக்கும் போய்க்கிட்டு, நாவலும் எழுதி, அதை விக்கவும் முடியுமான்னு கேக்குறீங்க. நான் சொல்ற உதாரணம் ஆண்டி வியர். அவரும் நம்மள மாதிரி சாஃப்ட்வேர் இன்ஜினியரா இருந்தவர்தான்.

'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமா தன்னோட வெப்சைட்ல இலவசமா போட்டார். வேதியியல் தெரிஞ்ச வாசகர்கள் தப்பைச் சொன்னாங்க, திருத்தினார். கிண்டில்ல வேணும்னு கேட்டதும் அவங்கதான். 2011-ல 99 சென்ட்டுக்குப் போட்டார். 2014-ல கிரவுன் பதிப்பகம் அச்சிட்டுச்சு, 2015-ல படமாச்சு.

ஆனா அந்த வாசகர்கள் ஒரே நாள்ல வரல. பல வருஷமா அதே வெப்சைட்ல கதை, காமிக்ஸ்னு போட்டுச் சேர்த்தவங்க. அதனால நாவல் முடியட்டும், அப்புறம் மார்க்கெட்டிங்னு காத்திருக்காதீங்க. இந்த வாரம் ஒரு சிறுகதையை முடிச்சு, வெளியில விடுங்க.