பின்னிய கையும் பிரித்த நூலும்

அந்தப் புகைப்படத்தில் உட்கார்ந்திருப்பவரின் பின்னந்தலை மட்டும்தான் தெரிகிறது. வகிடு வகிடாகப் பிரித்து, மண்டையோடு ஒட்டிப் போட்ட சன்னமான பின்னல்கள். பின்னிவிட்டவர் பக்கத்தில் நின்று கேமராவை நேராகப் பார்க்கிறார். கண்காட்சிக்கு வருபவர்கள் ஒரு கணம் குழம்பித்தான் போவார்கள். இதில் கலைஞர் யார்?

உட்கார்ந்திருப்பவர் சோனியா கிளார்க். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில், பல்கலைக்கழகக் கைவினைக் கலைத் துறையின் தலைவராக இருந்தவர். ஊரிலுள்ள கறுப்பின முடி அலங்காரக்காரர்கள் 11 பேரை அழைத்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு வேலைகளைக் கொடுத்தார். முதலில் தன் தலைமுடியை அவர்கள் விருப்பப்படி பின்ன வேண்டும். பிறகு ஓவியத் துணியில் பட்டு நூலால் அதே கைத்திறனைக் காட்ட வேண்டும். 2014இல் காட்சிக்கு வந்த இந்த 'ஹேர் கிராஃப்ட் ப்ராஜெக்ட்', அதே ஆண்டு 'ஆர்ட்ப்ரைஸ்' போட்டியில் நடுவர்கள் வழங்கும் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பின்னர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பிடித்தது. கிளார்க்கின் பெயரோடு முடி அலங்காரக்காரர்களின் பெயர்களும் படைப்பாளிகளாகவே பதிவாகியிருக்கின்றன. நூலை வைத்துச் செய்யும் கலைகளுக்கெல்லாம் மூத்தது முடி பின்னும் கலைதான் என்பது அவர் கட்சி.

தலைமுடிக்கு ஏன் இத்தனை மரியாதை? அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு முடி வெறும் முடியாக இருந்ததே இல்லை. சுருள்முடி 'ஒழுங்கற்றது' என்று பள்ளிகளும் அலுவலகங்களும் சொல்லிவந்ததால், அடுப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பால் அதை இழுத்து நேராக்கும் சடங்கு பல வீடுகளில் தலைமுறைகளாக நடந்தது. காது சுட்டுவிடுமோ என்று குழந்தைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னலையும் சுருள்முடியையும் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியா. ஆண்டு 2019.

ஆனால் அதே தலைமுடி உறவுக்கும் காரணமாக இருந்தது. ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் அவர் காலடியில் தரையில் உட்கார, மணிக்கணக்கில் பின்னல் நடக்கும். ஊர்க்கதையும் அழுகையும் சிரிப்பும் அந்த நேரத்தில்தான் வெளிவரும். கிளார்க் கண்காட்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்தது அந்த மணித்துளிகளையும் சேர்த்துத்தான்.

கடந்த சில பத்தாண்டுகளில் கறுப்பினக் கலைஞர்கள் பலர் இந்தத் திசையில் நடந்திருக்கிறார்கள். 'நான் யார்' என்ற கேள்வியை அவர்கள் தத்துவமாகக் கேட்பதில்லை. தலைவாருவது, தூங்குவது, மருந்து சாப்பிடுவது, குடியிருக்க ஒரு வீடு என்று அன்றாடப் பராமரிப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். சுவரில் மாட்டிய படத்தோடு நிற்காமல், வந்தவரை உட்காரவைத்துக் கவனிக்கவும் செய்கிறார்கள்.

தன்னைத்தானே பார்த்துக்கொள்வது என்றதும் இன்றைக்கு முகப்பூச்சும் நறுமண மெழுகுவர்த்தியும்தான் விளம்பரங்களில் வருகின்றன. இவர்கள் பேசும் பொருள் வேறு. அதற்கு ஆட்ரி லார்ட் என்ற கவிஞரிடம் போக வேண்டும். 1934இல் நியூயார்க்கில் பிறந்த லார்டுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சில ஆண்டுகளில் அது கல்லீரலுக்கும் பரவியது. அந்த நாட்களின் குறிப்புகள் அடங்கிய 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' 1988இல் வெளியானது. தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதைச் சொகுசாக அவர் நினைக்கவில்லை. தன்னைப் போன்றவர்கள் பிழைத்திருக்கக் கூடாது என்று விரும்பும் சமூகத்தில் உயிரைக் காத்துக்கொள்வதே ஓர் அரசியல் போர் என்று அதில் எழுதினார். 1992இல் இறந்தார். அந்தக் கருத்து இன்று கலைக்கூடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது.

அதைக் கட்டடமாகவே எழுப்பிக் காட்டியவர் சிமோன் லீ. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1967இல் சிகாகோவில் பிறந்த சிற்பி, களிமண்ணில் கைபழகியவர். 2014இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பழைய மாளிகையில் அவர் சில வார இறுதிகளுக்கு இலவச மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். அந்த வீடு மகப்பேறு மருத்துவர் ஜோசஃபின் இங்கிலீஷ் வாழ்ந்த வீடு. நியூயார்க் மாநிலத்தில் அந்தத் துறையில் சொந்தமாக மருத்துவம் பார்த்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

வந்தவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை, அக்குபஞ்சர், யோகா, நடன வகுப்பு எல்லாம் உண்டு, கட்டணம் கிடையாது. பணியாளர்கள் பழைய காலச் செவிலியர் உடையில் நடமாடினார்கள். 1867இல் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்கள் தொடங்கிய 'யுனைடெட் ஆர்டர் ஆஃப் டென்ட்ஸ்' என்ற சங்கத்துக்கு அது ஒரு வணக்கம். நோயாளிகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொண்ட சங்கம் அது. மருத்துவமனையோ, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியை நினைவூட்டியது. கறுப்புக் கோட்டும் துப்பாக்கியுமாக அக்கட்சியினர் நிற்கும் படங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1969இல் ஓக்லண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலையுணவு போட்டவர்களும், நகரம் நகரமாக இலவச மருத்துவமனை திறந்து அரிவாள்செல் சோகைக்குப் பரிசோதனை செய்தவர்களும் அவர்களே.

இரண்டு ஆண்டு கழித்து, மன்ஹாட்டனின் நியூ மியூசியத்தில் லீ ஒரு 'காத்திருப்பு அறை' அமைத்தார். பெயர்க் காரணம் கசப்பானது. 2008இல் புரூக்ளினில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெண் ஒருவர் ஏறக்குறைய 24 மணி நேரம் காத்திருந்து, நாற்காலியிலிருந்து சரிந்து, தரையிலேயே இறந்துபோனார். பணியாளர்கள் பார்த்துவிட்டு நகர்ந்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்திருந்தது. அமெரிக்காவில் பிரசவத்தையொட்டி இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அந்த மரணத்தைத் தனிச் சம்பவம் என்று ஒதுக்க முடியாது.

லீயின் காத்திருப்பு அறையில் மூலிகைகள் இருந்தன; தியானத்துக்கு இடம் இருந்தது; வகுப்புகள் நடந்தன. பார்வையாளர் நேரம் முடிந்து கதவு சாத்திய பிறகும் சில கூடுகைகள் தொடர்ந்தன. அவை வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கானவை அல்ல. குணமாக வந்தவர்கள் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது என்ற கவனம் இதில் தெரிகிறது. அந்த 2016 ஜூலையில் போலீஸ்காரர்களின் துப்பாக்கிக்கு அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கறுப்பின ஆண்கள் பலியான செய்தி நாட்டை உலுக்கியது. அதன் எதிரொலியாக, அந்த அறையை மையமாகக் கொண்டு கறுப்பினப் பெண் கலைஞர்கள் திரண்டு ஓர் அமைப்பாகவே உருவெடுத்தார்கள். செப்டம்பர் முதல் தேதி ஒரு மாலை முழுக்க அருங்காட்சியகம் அவர்கள் வசம் இருந்தது. அமைதி தேடிக் கண்ணை மூடி உட்கார்ந்தவர்கள் எழுந்தபோது ஓர் இயக்கமாக எழுந்தார்கள். 2022இல் 'வெனிஸ் பியன்னாலே' கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் தனிக் காட்சி வைத்த முதல் கறுப்பினப் பெண் லீதான். பிரதானக் கண்காட்சியில் வைத்த 'பிரிக் ஹவுஸ்' சிலைக்குத் தங்கச் சிங்க விருதும் கிடைத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வார இறுதிகள் நடக்கும் கலைநிகழ்வு ஓர் ஊரின் மருத்துவமனைக்கு ஈடாகாது. மாளிகையின் கதவு மூடியதும் ரத்த அழுத்தம் பார்க்க ஆளில்லை. அப்படியானால் மூடாத கதவு எங்கே இருக்கிறது?

ஹூஸ்டன் நகரின் 'தேர்ட் வார்ட்' பகுதியில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஓவியர் ரிக் லோவின் பட்டறைக்கு வந்த பள்ளி மாணவர் ஒருவர், சமூகத்தின் அவலங்களைச் சொல்லும் அவரது பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டு, 'இந்தப் பிரச்சினைகள் எங்களுக்கே தெரியும். கலைஞர் என்றால் ஒரு தீர்வைப் படைக்கக் கூடாதா?' என்ற பொருளில் கேட்டாராம். கேள்வி தைத்துவிட்டது. லோவும் கறுப்பினக் கலைஞர்கள் ஆறு பேரும் சேர்ந்து 1993இல், இடிபட இருந்த 22 சிறு வீடுகளைக் காப்பாற்றினார்கள். 'ஷாட்கன்' வீடுகள் என்பார்கள். முன்வாசலில் சுட்டால் குண்டு எங்கும் படாமல் பின்வாசலில் போய்விடுமாம், அப்படி அறைக்குப் பின் அறையாக நீண்ட வீடுகள். சில வீடுகளில் கலைஞர்கள் கண்காட்சி அமைத்தார்கள். சிலவற்றில், படித்துக்கொண்டே கைக்குழந்தையோடு தனியாகப் போராடும் இளம் தாய்மார்கள் குடியேறினார்கள். 'ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்' முப்பது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது. லோவுக்கு 2014இல் மெக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்தது.

இந்த மரபுக்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. புளோரிடாவில் 1892இல் பிறந்த அகஸ்டா சாவேஜ் சிறுமியாகக் களிமண்ணில் வாத்து செய்து விளையாடியபோது, போதகரான அப்பா அதைப் பாவமென்று அடித்தார். 1923இல் பிரான்சில் ஒரு கோடைக்காலக் கலைப்பள்ளி, கறுப்பினத்தவர் என்ற காரணத்துக்காகவே அவரைச் சேர்க்க மறுத்தது. சாவேஜ் நியூயார்க்கின் ஹார்லெமில் தானே பட்டறை திறந்தார். 1937இல் தொடங்கிய ஹார்லெம் சமூகக் கலை மையத்துக்கு முதல் இயக்குநரும் ஆனார். பின்னாளில் கறுப்பின மக்களின் இடப்பெயர்வை 60 பலகைகளில் தீட்டிப் புகழ்பெற்ற ஜேக்கப் லாரன்ஸ் அவர் ஊக்குவித்து வளர்த்த பிள்ளை. 1939 உலகக் கண்காட்சிக்காக சாவேஜ் செய்த 16 அடி உயர 'தி ஹார்ப்' சிலை, பாடும் பிள்ளைகளே யாழின் நரம்புகளாக நிற்பது போன்றது. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் அந்தச் சாந்துச் சிலையை உடைத்துவிட்டார்கள். சிலை போனது, பட்டறையில் கற்றவர்கள் நின்றார்கள்.

அட்லாண்டாவில் ட்ரிஷியா ஹெர்சி நடத்துவது இன்னும் விசித்திரமான பட்டறை. வருபவர்களுக்குப் பாயும் தலையணையும் கொடுத்துத் தூங்கச் சொல்வார். இறையியல் படித்த, நிகழ்த்துக் கலைஞரான ஹெர்சி 2016இல் 'நாப் மினிஸ்ட்ரி'யைத் தொடங்கினார். குட்டித்தூக்கத்தின் ஊழியம் என்று சொல்லலாம். மிசிசிப்பியின் இனவெறிக்குத் தப்பி சிகாகோ வந்த அவரது பாட்டி, இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தும், தினமும் அரைமணி நேரமாவது சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாராம். பருத்தித் தோட்டத்தில் உறக்கம் பறிக்கப்பட்டவர்களின் பேத்தி இன்று படுப்பது சோம்பலா, பாக்கி வசூலா என்று ஹெர்சியின் பேச்சு கேட்கவைக்கிறது. 2022இல் வந்த அவரது புத்தகம், ஓய்வையே எதிர்ப்பு என்று தலைப்பிலேயே அறிவித்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே உம்லாசியில் 1972இல் பிறந்த சனேலே முஹோலி, கேமராவைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். 2012இல் தொடங்கிய 'சோம்ன்யாமா ந்கோன்யாமா' வரிசையின் பெயர் சூலு மொழியில் கரிய பெண்சிங்கத்துக்கு வாழ்த்து சொல்கிறது. ஒரு படத்தில் அவர் தலைமுடி நிறைய, காதுகளிலும்கூட, துணி உலர்த்தும் கிளிப்புகள். தூரத்தில் பார்த்தால் மகுடம். கிட்டத்தில் வந்தால் கொடிக்கயிற்றுக் கிளிப். படத்தின் பெயர் 'பெஸ்டர்'. அது வெள்ளையர் வீட்டில் காலமெல்லாம் வேலை செய்த அவருடைய அம்மாவின் பெயர். படத்தை அச்சிடும்போது வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டி, தன் தோலை இயல்பைவிடக் கறுப்பாக்குகிறார் முஹோலி. தோலை வெளுக்கவைக்கும் கிரீம் விற்கும் உலகத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களுமான கறுப்பினத்தவரை 2006 முதல் படமெடுத்துவரும் அவர், இளையவர்கள் தங்கள் கதையைத் தாங்களே படமெடுக்கட்டும் என்று பயிலரங்குகள் நடத்திக் கேமராவையும் கையில் கொடுக்கிறார். 'இன்கன்யிசோ', அதாவது வெளிச்சம், என்ற ஊடகக் குழுவை 2009இல் தொடங்கியதும் அதற்காகத்தான்.

மீண்டும் சோனியா கிளார்க்கிடம் வரலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகரம் அவருடைய ரிச்மண்ட்தான். அந்தப் போர் முடிந்த 150ஆம் ஆண்டான 2015இல், நியூயார்க்கில் ஒரு கூடத்தில் கூட்டமைப்பின் போர்க்கொடியைச் சுவரில் தொங்கவிட்டார். எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்தி, பருத்தி இழையை எந்த இடத்தில் பிடித்து எப்படி இழுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். முன்பின் தெரியாத இருவர் தோளோடு தோள் உரச நின்று, ஓர் இழை வந்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். நெருக்கி நெய்த துணி அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தனை பேர் கைகொடுத்தும் அன்றைக்குப் பிரிந்தது ஏறக்குறைய ஓர் அங்குலம். மிச்சக் கொடி சுவரில் அப்படியே தொங்க, உருவிய இழைகள் அதன் கீழ்நுனியில் சடை கலைந்த முடிபோல ஆடிக்கொண்டிருந்தன.