அபராதம் ஆரம்பிக்கும் இடம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் லாரித் தொழிலோடு ஏதேனும் ஒரு விதத்தில் சம்பந்தப்படாத குடும்பத்தைக் காண்பது அரிது. அங்கிருந்து சமையல் எரிவாயுவையும் முட்டையையும் ஏற்றிக்கொண்டு மாநில எல்லைகளைத் தாண்டிப் பிரயாணம் செய்கிற சாரதிகளுக்கு, மலைப் பாதையையும் மழைக் காலத்தையும்விட அதிகக் கவலையைத் தருவது, வழியில் கைக்கு வருகிற அபராதச் சீட்டுத்தான். அது தலையெழுத்து என்பதும், ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ கண்ணில் படாமல் போனால் அதிர்ஷ்டம் என்பதுமே அதைப் பற்றி அவர்களிடையே உலவுகிற அபிப்பிராயம். ஆனால் சற்று நிதானித்து ஆராய்ந்தால், கனமான அபராதங்கள் பலவும் சோதனைச் சாவடியில் பிறப்பதில்லை என்பதும், வண்டி கிளம்புவதற்கு முன்னரே, லோடு ஏற்றுகிற இடத்தில் அவை பிறந்துவிடுகின்றன என்பதும் விளங்கும்.

முதலில் பாரத்தை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2019 செப்டம்பர் 1 முதல் புதிய உருவில் அமலுக்கு வந்தபோது, ஓவர்லோடுக்கு அதுவரை 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 20,000 ரூபாயாயிற்று. அதற்கு மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகுதிச் சரக்கை இறக்கும் வரையில் வண்டி நகரவும் கூடாது. எடை போட மறுத்துப் போகிறவருக்கு 40,000 ரூபாய். மூன்று டன் அதிகமாக ஏற்றியவர் 26,000 ரூபாய் கட்ட நேரும்போது, அந்த மூன்று டன்னுக்குக் கிடைத்த வாடகை எந்த மூலைக்கு? சட்டத்தின் இந்தக் கடுமைக்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் அமைத்து, அவற்றின் மீது லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பார்த்த எஞ்சினீயர்கள், அச்சின் மீதுள்ள பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று கண்டார்கள்.

2018-இல் மத்திய அரசு அச்சுப் பார வரம்பை உயர்த்தி, மூன்று அச்சு லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன் வரை அனுமதித்தது வாஸ்தவமே. ஆயினும், ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு அதன் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் குறித்த எடையே எல்லை என்பதைச் சாரதி மறந்துவிடலாகாது. லோடு ஏற்றியவுடன் எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்வதற்குச் செலவாகும் சொற்பத் தொகை, பின்னால் வரக்கூடிய பெரிய நஷ்டத்துக்குக் காப்பாகும். எடையில் சந்தேகம் கொண்ட அதிகாரி, போகும் திசையில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கிற எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லலாம் என்பது சட்டம். அங்கே போக மறுக்காமல், தம்மிடமுள்ள சீட்டையும் காட்டுவது விவேகம்.

அடுத்தது தஸ்தாவேஜுகள். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் அதன் பின் வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கனரக லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். எரிவாயு போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றுவோருக்கு மூன்றே வருஷம். பர்மிட் இல்லாமல் ஓடினால் முதல் முறைக்கு 10,000 ரூபாயும், இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000 ரூபாயும் அபராதம். இவற்றின் காலாவதித் தேதிகளை ஒரே தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவைத்தால் பாதிக் கவலை நீங்கும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்னும் அரசுச் செயலிகளில் உள்ள பிரதிகளைக் கைப்பேசியில் காட்டினாலும் அதிகாரிகள் ஏற்க வேண்டும் என்று விதி இருப்பதால், அசல் காகிதங்கள் வழியில் தொலைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

வேகத்துக்கு வேறொரு மூலகாரணம் உண்டு. நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு மத்திய அரசு விதித்த உச்ச வரம்பு 80 கிலோமீட்டர். மீறுகிற கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வேலையை வரையறுத்து, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சொல்லியிருக்க, ‘நாளைக் காலைக்குள் லோடு இறங்கியாக வேண்டும்’ என்ற நிர்ப்பந்தத்தைச் சாரதியின் தலையில் வைத்து அனுப்புகிறவர்கள், வேகத்தையும் தூக்கமின்மையையும் கூடவே ஏற்றி அனுப்புகிறார்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில சமயம் சீட்டு வரத்தான் செய்யும். அப்போது வாக்குவாதத்தால் பயனில்லை. எந்தப் பிரிவு, எந்த இடம், எந்த நேரம் என்பதை மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும். ரசீதில்லாத பணத்தை ஒருநாளும் கொடுக்கலாகாது. அது வழக்கையும் முடிப்பதில்லை, அடுத்த சாவடியில் உதவுவதுமில்லை. குற்றம் உண்மையானால் சீக்கிரம் கட்டித் தீர்ப்பதே லாபம். உண்மையல்லவானால், வழக்கில்லாமல் தீர்ப்பதற்கான இணக்கத் தொகையைக் கட்டாமல் நீதிமன்றத்தில் மறுக்கலாம். ஃபாஸ்டேக் பதிவும், ஜி.பி.எஸ். தடமும், எடைமேடைச் சீட்டும் அங்கே சாட்சி சொல்லும். காமிரா பிடித்த குற்றங்களுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. ஆகையால் ஆர்.சி.யில் உள்ள முகவரியும் கைப்பேசி எண்ணும் நடப்பிலுள்ளவையாக இருப்பது அவசியம். அலட்சியமாக இருப்பவர் பணத்தோடு பிழைப்பையும் இழக்க நேரலாம்: அதிவேகம், ஓவர்லோடு, குடிபோதை, கைப்பேசிப் பேச்சு முதலியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களைப் பணித்தது.

இறுதியாக, லாரி உரிமையாளர்களுக்கும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அளவுக்கு மீறிய பாரத்தோடு வண்டி ஓடினால், அது உரிமையாளர் அறிந்தோ அவர் உத்தரவின் பேரிலோ நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. அப்படியிருக்க, தாங்கள் ஏற்றிய பாரத்துக்குரிய அபராதத்தைச் சாரதியின் பேட்டாவில் பிடிப்பது தர்மமுமன்று, சட்டத்தின் கருத்துமன்று. அளவோடு ஏற்றி, அவகாசம் கொடுத்து அனுப்புங்கள்.