சபை ஐக்கியமும் சாதிப் பேதமும்

ஓசூரை அடுத்த சானமாவுப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் கலந்து வாழ்கின்றனர். ஓசூர் ஆலைகளை நாடிப் பல ஜில்லாக்களிலிருந்து வந்தோருள் கிறிஸ்தவர்களும் உளர். ஒரே யந்திரத்தருகே உழைக்கும் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் ஞாயிறன்று வெவ்வேறு ஆலயங்களுக்குச் செல்கின்றனர். ஒரே வேதத்தை ஓதுவோருக்குள் இப்பேதம் ஏன்?

கத்தோலிக்கருக்குப் போப்பாண்டவர் பூவுலகில் சபையின் தலைவர், திருவருட்சாதனங்கள் ஏழு. பிராட்டஸ்டண்டார் வேதாகமத்தையே முடிவான பிரமாணமாகக் கொண்டு, ஞானஸ்நானம், திருவிருந்து என்னும் இரண்டையே பொதுவாக ஒப்புவர். அத்திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே உளது என்பர் லுத்தரன் சபையார். ஆவிக்குரிய முறையிலேயே அதைப் பெறுகிறோம் என்பர் கால்வின் வழியினர். குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகாதென்பர் பாப்டிஸ்டுகள். இவற்றைக் கேட்டு மற்றையோர் நகைப்பது தகாது. வடகலை தென்கலைப் பிணக்கைக் காஞ்சி வரதர் சந்நிதியிலிருந்து கோர்ட்டு வரை கொண்டு சென்ற நாடன்றோ இது!

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வடகலை தென்கலை வாதம் இம்மண்ணில் விளைந்தது. 1517-ல் லுத்தர் ஜெர்மனியில் தொடங்கிய கிளர்ச்சியும், 1534-ல் ஆங்கில மன்னன் போப்பின் அதிகாரத்தை உதறியதும் ஐரோப்பாவின் வழக்குகள். வாதியாகவோ பிரதிவாதியாகவோ நில்லாத தமிழன் தலையில் அத்தீர்ப்புகள் வந்து விழுந்தன.

இதை உணர்ந்தவர்கள் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடினர். 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே ஊர். ஐக்கியத்தை வேண்டிக் கையொப்பமிட்ட 33 பேரில் 31 பேர் இந்தியர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த டோர்ணக்கல் பிஷப் அசரியா அவர்களுள் முதன்மையானவர். 28 ஆண்டுப் பேச்சுக்குப் பின், 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. தேசம் இரண்டாய்ப் பிளந்த ஆண்டில் ஆங்கிலிகன் சபையும், மெதடிஸ்டு சபையும், தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாயின. அசரியா அதைக் காணாமலே 1945-ல் காலமாகியிருந்தார்.

பெருந்தடை பிஷப் பதவியே. பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் குருவாவாரா என்பது கேள்வி. இனி வருவோருக்கு பிஷப்பே அபிஷேகம் செய்வது, முன்பே குருவாயிருப்போரை மறுபடி அபிஷேகிக்காமல் அப்படியே ஏற்பது, பிஷப் பதவிக்கு இதுவே பொருளென்று எவர்மீதும் சுமத்தாதிருப்பது என்று முடிவு செய்தனர். கொள்கையை விற்று வாங்கிய சமாதானமன்று இது. பிறர் மனச்சாட்சியை மதித்துப் பெற்றது. லுத்தரன் சபையாரும் பாப்டிஸ்டுகளும் சேராது நின்றனர்; அது அவர்கள் உரிமை.

ஆனால் ஒரு பேதத்தை அன்னியர் கணக்கில் எழுத இயலாது. 1833-ல் சபைக்குள் சாதி கூடாதென்று கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் பணிய மறுத்தனர். பின்னாளில் சாதிக்குச் சற்று இடங்கொடுத்த லுத்தரன் மிஷனை நாடிச் சிலர் சென்றனர். திருவிருந்தின் தத்துவத்தை ஆராய்ந்தா சென்றனர்? பக்கத்தில் அமர்ந்து உண்பவன் யாரென்று பார்த்தே சென்றனர்! கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுந்த நாடு இது.

சித்தாந்த பேதம் அறிவுள்ளோருக்கு அழகு. அதைப் பேசித் தீர்க்கலாம், தீராவிடினும் கூடி வாழலாம். சாதிப் பேதத்துக்கு எந்த வேதத்தையும் சாட்சிக்கு அழைக்க வேண்டுவதில்லை. ஹிந்துக்களாயினும் கிறிஸ்தவராயினும் அதை ஒழிக்கும் பொறுப்பு நம்முடையதே. ஐரோப்பியரின் பழம் பிணக்கைத் தீர்க்க 28 ஆண்டு பொறுமை காட்டிய மக்கள், சொந்த வீட்டுப் பிணக்கைத் தீர்க்க இனியும் தாமதிக்கலாமா?