தாய்ப்பலகையில் உறையும் முதல் நிரல்

கணிப்பொறியின் விசையை நாம் அழுத்தும் நொடியில் அதன் நினைவகம் வெறுமையாக உள்ளது. வட்டில் கிடக்கும் இயக்க மென்பொருளோ தானே எழுந்து வர இயலாதது. அதனை எழுப்பிக் கொணர்வது, தாய்ப்பலகையின் ரோம் சில்லில் பதிக்கப்பெற்ற பயோஸ் என்னும் சிறு நிரலே.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இந்நிரலின் அளவு 8 கிலோபைட்டு மட்டுமே. அப்பொறியின் செயலி இன்டெலுடையது. இயக்க மென்பொருள் மைக்ரோசாப்டினுடையது. இவ்விரண்டையும் பிறரும் விலைக்குப் பெறலாம். பயோஸ் ஒன்றே ஐ.பி.எம்மின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. ஆயின், அதன் வரிகள் அனைத்தையும் தொழில்நுட்பக் கையேட்டில் அந்நிறுவனமே அச்சிட்டு விற்றது! தாராள மனம் என்று எண்ணிவிட வேண்டா. அதனைப் படித்தவர் எழுதும் எந்நிரலும் ஐயத்திற்கு உரியதாயிற்று. கற்றதே தடையாகிய விந்தை இது.

இத்தகைய பொறியைத் தாமும் செய்ய விழைந்தோர் எவ்வழியைத் தேர்வது? பதிப்புரிமையை மீறியதாக ஈகிள், கொரோனா ஆகிய நிறுவனங்கள்மீது 1984இல் ஐ.பி.எம். வழக்குத் தொடுத்தது, இரண்டும் உடன்பாட்டிற்கு வந்தன. காம்பாக் நிறுவனமோ பெரும்பொருள் செலவிட்டுத் தனக்கெனப் புதிதாய் ஒரு நிரலை எழுதி, 1983இல் தன் பொறியை விற்பனைக்கு அனுப்பியிருந்தது. சிறு நிறுவனங்களுக்கு அவ்வசதி ஏது?

அவர்களுக்கு வழி திறந்தது பீனிக்ஸ் நிறுவனம். அங்கே ஒரு குழுவினர் ஐ.பி.எம்மின் நிரலை ஆராய்ந்து, அஃது என்னென்ன செய்கின்றது என்பதை மட்டும் எழுதித் தந்தனர். அவ்வரிகளை ஒருநாளும் கண்டிராத பிறிதொருவர், அக்குறிப்பைக் கொண்டே புதுநிரல் படைத்தார். ஒரே கதையை இரு புலவர் பாடலாம். ஒருவர் செய்யுளை மற்றவர் தமதென்று கொள்ளுதல் ஆகாது. சட்டம் காத்ததும் செய்யுளையே, கதையையன்று. 1984 முதல் இந்நிரலை எவரும் உரிமம் பெற்றுத் தம் தாய்ப்பலகையில் பொருத்தலாயினர். அவார்டு, ஏ.எம்.ஐ. ஆகியனவும் இவ்வணிகத்தில் இறங்கின. 1998இல் அவார்டு பீனிக்சுடன் இணைந்தது தனிக்கதை.

இவற்றுள் எது சிறந்தது? வேகத்தைக் காட்டிலும் பயன்படுத்துவோரின் எளிமையையே நாம் அளவுகோலாகக் கொள்வோம். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. பொறியில், மின்கலம் தீர்ந்து அமைப்புக் குறிப்புகள் அழிந்துவிடின், அவற்றை மீண்டும் பதிக்கத் தனி நெகிழ்வட்டு வேண்டும். வட்டைத் தொலைத்தவர் பாடு திண்டாட்டமே. ஏ.எம்.ஐ. அவ்வமைப்புத் திரையைச் சில்லினுள்ளேயே வைத்தது. தொடக்கத்தில் ‘டெலிட்’ விசையை அழுத்தினாற் போதும். இத்தேர்வே மேலானது என்பது நம் கருத்து.

ஒன்று மட்டும் எவரும் நிரப்பாத இடமாயிற்று. வட்டு இல்லாதபோது ஐ.பி.எம். பொறி தன் ரோமிலுள்ள பேசிக் மொழிக்குத் தாவும். பிறர் பலகைகளில் அம்மொழி இல்லை. ஆகவே ஏ.எம்.ஐ. நிரல், ‘ரோம் பேசிக் இல்லை, பொறி நிறுத்தப்பட்டது’ என்னும் பொருள்படும் ஆங்கில வரியைத் திரையில் காட்டி நின்றுவிடும். பேசிக் மொழியையே அறியாத பலர் அவ்வரியைக் கண்டு திகைத்தனர்.