ஒண்டி ஆளுக்கு ஏற்ற அவதாரம் எது?

மலர்க் குழு நண்பர்கள், "டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டார்கள். டர்பைன் பற்றியும் டிரான்ஸ்ஃபார்மர் பற்றியும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள நான் கட்டிய ஃபீஸ், செகண்ட் செமஸ்டரில் ஒரு மேத்ஸ் அரியர். அதையே எழுதுகிறேன்.

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் ஆடாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்துக்குள் நடமாடும் விளையாட்டு இது. உள்ளே நுழையும்போதே நாம் யார் என்று சொல்லிவிட வேண்டும்: வாளேந்தும் வீரனா, மந்திரவாதியா, வைத்தியம் பார்க்கும் பூசாரியா என்று. இதற்குக் 'கிளாஸ்' என்று பெயர். (நாம் கட் அடிக்கும் கிளாஸ் அல்ல!) எடுத்த பிறகு மாற்ற முடியாது. வேறு வேண்டுமானால் முதல் லெவலிலிருந்து புது ஆள்தான்.

நான் ஆடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பரில் வந்தது. அதன் பழைய விதிகளோடு 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்று மறுபடி வெளியிட்டார்கள். கீழே வரும் கணக்கெல்லாம் அந்தப் பதிப்புக்கு. மொத்தம் 60 லெவல், 9 கிளாஸ். இதற்கு முன் 1999-ல் வந்த எவர்குவெஸ்டில் கூட்டம் சேராமல் காலம் தள்ளுவது பல கிளாஸ்களுக்கு முடியாத காரியம். அதிலும் பாலடின், ரேஞ்சர் மாதிரி கலப்பு கிளாஸ்கள் லெவல் ஏற, மற்றவர்களைவிட அதிகப் புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு வேலை தெரிந்ததற்கு அபராதம்! பிற்பாடு அதை நீக்கிவிட்டார்கள்.

நான் முதலில் எடுத்தது வாரியர். இரும்புக் கவசம், பெரிய கோடாலி, பார்க்க ஐயனார் மாதிரி இருப்பான். ஆனால் அவன் காயத்தை அவனால் ஆற்றிக்கொள்ள முடியாது. துணிக்கட்டுதான் போட வேண்டும். அவன் பலமெல்லாம் ஆயுதத்தில். நல்ல ஆயுதம் ஐந்து பேர் சேர்ந்து போகும் குகைகளில். குகைக்குப் போக வைத்தியம் தெரிந்த ஒருவர் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு "ஹீலர் வேண்டும்" என்று டைப் அடிக்க ஆரம்பித்தால், ஆள் சேர பதினொன்றரை. பாதிக் குகையில் யாராவது ஒருத்தர் "அம்மா கூப்பிடுறாங்க" என்று கிளம்பிவிடுவார். கூட்டம் கலையும். மறுநாள் முதல் பீரியட் மேத்ஸ். மீதியைச் சொல்லவேண்டியதில்லை.

ரிசல்ட் வந்த அன்று அண்ணன் கண்டிஷன் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் அவருடையது. தினம் ஒரு மணி நேரம். அடுத்த தேர்விலும் அரியர் நின்றால் கம்ப்யூட்டர் அவர் ரூமுக்குப் போய்விடும். அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். எவன் அதிகமாக அடிக்கிறான் என்பது எனக்குக் கேள்வியே இல்லை. அந்த ஒரு மணியில் எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறேன், தப்புப் பண்ணினால் தப்பிக்க வழி உண்டா, நினைத்த நிமிஷம் நிறுத்திவிட்டு எழுந்திருக்க முடியுமா என்பதுதான்.

நம் ஒர்க் ஷாப்பையே பாருங்கள். கேப்ஸ்டன் லேத்தில் ஒரே பீஸை நூறு என்றாலும் மளமளவென்று எடுத்துவிடலாம். ஆனால் சொந்தமாகச் சின்னப் பட்டறை போடுகிறவர் முதலில் வாங்குவது சென்டர் லேத். நாளைக்கு என்ன ஜாப் வரும் என்று அவருக்குத் தெரியாதே!

விளையாட்டில் அந்த சென்டர் லேத், ட்ரூயிட். காட்டு மந்திரக்காரன். 10-வது லெவலில் கரடியாக மாறுவான், 16-ல் நீரில் வாழும் உருவம், 20-ல் பூனை (சிறுத்தை என்றே சொல்லலாம்), 30-ல் வேகமாக ஓடும் உருவம். கரடி அடி தாங்கும், பூனை பதுங்கிப் பாயும், சொந்த உருவம் வைத்தியம் பார்க்கும்.

இதில் முக்கியமான சூட்சுமம் ஒன்று. மந்திரத்துக்கு 'மானா' என்ற சக்தி செலவாகும். மானா செலவழித்தால் அடுத்த ஐந்து வினாடிக்கு உடம்பு தானாக மானா ஊற விடாது. ஆகவே மேஜ் நாலு எதிரியைக் கொன்றதும் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். பூனையோ 'எனர்ஜி' என்ற வேறு சக்தியில் சண்டை போடுகிறது. அது சண்டை போடும்போதே பின்னால் மானா நிரம்புகிறது, கிணற்றில் ஊற்று மாதிரி. இரண்டு எதிரியை முடித்தால் ஒரு வைத்தியத்துக்கான மானா கையில். உட்காரும் வேலை ரொம்பக் குறைவு.

ஒரு சண்டையைச் சொல்கிறேன். ஆஷன்வேல் காட்டில் ஒருவனைப் பதுங்கி அடித்தேன். பக்கத்தில் இருந்தவனும் சேர்ந்து வந்துவிட்டான். என் வாரியராக இருந்திருந்தால் அப்போதே சங்கு. இங்கே பூனை உருவத்தைக் கலைத்து, இரண்டாமவன் காலை வேரால் கட்டினேன் (இது திறந்தவெளியில் மட்டுமே பலிக்கும்). எனக்கு ரெஜுவனேஷன் போட்டுக்கொண்டேன். அது 12 வினாடி கொஞ்சம் கொஞ்சமாகக் காயம் ஆற்றும். உருவம் மாறினாலும் நிற்காது. உடனே கரடி. முதலாமவன் விழுந்தான். இன்னொரு வைத்தியம், மறுபடி பூனை, இரண்டாமவனும் முடிந்தான். சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் வேர் கட்டிவிட்டு ஓடுவதும் உண்டு. அதில் வெட்கமென்ன?

இன்னொரு லாபம், பூனை, கரடியின் அடி கையிலுள்ள ஆயுதத்தின் கூர்மையைப் பொறுத்ததல்ல. லெவலையும் உடல் வலுவையும் பொறுத்தது. புது ஆயுதத்துக்காகக் குகை வாசலில் தவம் கிடக்க வேண்டியதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் பத்து லெவல் ரொம்ப போர். பூனை வரும்வரை பொறுமை வேண்டும். மிருகமாக இருக்கும்போது மருந்து குடிக்க முடியாது. செத்த நண்பரை எழுப்பும் மந்திரம் அரை மணிக்கு ஒருமுறைதான். 60-க்குப் போனபிறகு ஒரே வேலை செய்யும் கிளாஸ்களோடு அடிப்பதில் போட்டி போட முடியாது. வேகம்தான் வேண்டும் என்றால் ஹன்டர் எடுங்கள். 10-வது லெவலிலேயே வளர்ப்பு மிருகம் கிடைக்கும், அதுவே அடி வாங்கிக்கொள்ளும். ஆனால் என்றாவது நாலு பேர் சேர்ந்து "ஹீலர் இருக்கா?" என்று கேட்டால் ஹன்டர் கைவிரிக்க வேண்டும். ட்ரூயிட் கை தூக்கலாம்.

மற்ற கலப்பு கிளாஸ்களில் பாலடின் சாகவே மாட்டான், ஆனால் ஒவ்வொரு சண்டையும் மாட்டுவண்டி வேகம். ஷாமன் சுறுசுறுப்பு, 30-வது லெவலுக்கு மேல் செத்தாலும் மணிக்கொருமுறை தானே எழுந்துவிடுவான். பழைய விதிப்படி பாலடின் அலையன்ஸ் பக்கம் மட்டும், ஷாமன் ஹோர்டு பக்கம் மட்டும். ட்ரூயிட் இரண்டிலும் உண்டு.

எடுப்பவர்களுக்கு: 10-வது லெவலிலிருந்து கிடைக்கும் திறமைப் புள்ளிகளை மிருகச் சண்டைக் கிளையிலேயே போட்டு வாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றும் போட்டுப் பிறகு கலைத்தால் முதல் தடவை 1 பொன், அடுத்து 5, அப்புறம் 10 என்று பிடுங்குவார்கள். சந்தேகம் இருந்தால் லேப் வாசலில் என்னைப் பிடியுங்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை மட்டும் போன் பண்ணாதீர்கள், பதுங்கியிருப்பேன்.