ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பள்ளம்

கிரிக்கெட் ஒளிபரப்பில் இதைப் பார்த்திருப்பீர்கள். பவுண்டரிக்கு உள்ளே, புல்தரையில், ஒரு நிறுவனத்தின் பெயர் பலகைபோல நிமிர்ந்து நிற்கும். பந்தைத் துரத்தி வரும் ஃபீல்டர் அதில் மோதப்போகிறார் என்று பதறும்போது, அவர் கால் அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். அங்கே பலகையே இல்லை. புல்மேல் பூசிய சாயம்தான். பக்கவாட்டு கேலரியில் உட்கார்ந்தவருக்கோ அதே எழுத்துகள் இழுத்த ரப்பரைப்போலக் கோணலாகத் தெரியும்.

படுத்துக் கிடக்கும் கோடு எழுந்து நிற்பதற்குப் பின்னே பள்ளிக்கூட வடிவியல்தான் இருக்கிறது. உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; 4 மீட்டர் தள்ளி 80 செ.மீ. உயரப் பெட்டி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோட்டை நீட்டினால், உங்களிடமிருந்து 8 மீட்டரில் தரையில் விழும். ஆக, அந்தப் பெட்டியைத் தரையில் வரைந்து எழுந்து நிற்கவைக்க 4 மீட்டர் நீளத் தரை வேண்டும். மேல்விளிம்பையும் இரண்டு மடங்கு அகலமாக வரைய வேண்டும். பெட்டி 1.2 மீட்டர் உயரம் என்றால் 12 மீட்டர் தரை! பள்ளத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதன் பார்வைக்கோடுகள் உங்கள் காலுக்கும் பள்ளத்தின் எல்லைக்கும் நடுவிலேயே தரையைக் கடந்துவிடும். தெரு ஓவியர்கள் கோபுரங்களைவிடப் பிளவுகளையும் அருவிகளையும் விரும்பி வரைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஜெர்மானியர் எட்கர் முல்லர் 2008இல் அயர்லாந்தின் டன் லேரி நகரில் வரைந்ததும் பனிப்பிளவுதான்.

வித்தை பழையது. ரோமின் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தில் ஆந்திரேயா பொஸ்ஸோ 1685இல் தட்டையான துணியில் ஒரு குவிமாடத்தையே வரைந்து வைத்தார். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான கர்ட் வென்னர். நாசாவில் விண்வெளிப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டு 1980களில் இத்தாலி சென்று, நடைபாதையில் சாக்பீஸால் வரையும் கலைஞர்களோடு சேர்ந்தார்.

விளம்பரக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு நம் கண்ணிலேயே விடை இருக்கிறது. இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி. ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட காட்சியைப் பார்ப்பதால், அருகிலுள்ள தரை தட்டை என்பதை மூளை கண்டுபிடித்துவிடும். கேமராவுக்கு ஒரே கண். அதனால் இந்த ஓவியம் நேரில் பாதி ஏமாற்றும். புகைப்படத்தில் முழுதாக ஏமாற்றும். விளிம்பில் தொங்குவதுபோல் நின்று படமெடுத்து அனுப்புகிறவர் காசு வாங்காமலே விளம்பரத்தைச் சுமந்து போகிறார். 2011இல் லண்டனில் ரீபாக் நிறுவனத்துக்காக வரைந்த ஓவியம் 1,100 சதுர மீட்டரைத் தாண்டியது. 2021இல் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் வளைந்த திரையிலிருந்து எட்டிப் பார்த்த ராட்சதப் பூனையும் இதே கணக்கின் குட்டிதான்.

ஆனால் ஒரு பயன்பாடு என்னை உறுத்துகிறது. 2010இல் கனடாவின் மேற்கு வான்கூவரில், பள்ளிக்கு அருகே, பந்தைத் துரத்தும் சிறுமியின் படத்தைச் சாலையில் பதித்தார்கள். சுமார் 30 மீட்டர் தொலைவில் அவள் எழுந்து நிற்பாள். நோக்கம் சாலைப் பாதுகாப்பு. பதறி பிரேக் பிடிப்பவரின் பின்னால் வருகிற வண்டி என்னாகும்? அதைவிட, தினமும் அவ்வழியே போகிறவர் ‘அது வெறும் படம்’ என்று பழகிவிட்டால்? குழந்தையின் உருவத்தின்மேல் வண்டி ஓட்டப் பழக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாரையும் பதறவைக்காமல் இதே கணக்கு நெடுஞ்சாலையில் வேலை செய்கிறது. தரையில் எழுதிய ‘மெதுவாக’ என்ற சொல் இருக்கையிலிருந்து பார்த்தால் சாதாரண எழுத்தாகத் தெரியும். இறங்கி ஓரமாக நின்று பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரத்துக்கு மேல் நீண்டு கிடக்கும்.